ஆற்றோரச் சரளைப் பயணம்: ஜொகூரா, காவிரியா, தைவானா, வீட்டுப் பக்கமா?

சிங்கப்பூரில் கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதைக்கென்றே செய்த சைக்கிள், வாங்கியவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் ஒரே மனக்குறையில் வந்து நிற்கிறார்கள். 40 மில்லிமீட்டர் அகல டயரும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட வண்டியைப் பூங்கா இணைப்புப் பாதைகளின் வழவழப்பான தரையில் உருட்டுவது, உழவுமாட்டை வாசலில் கட்டிவைத்து அழகு பார்ப்பதைப் போன்றது என்பது அவர்களுக்கு அதற்குள் விளங்கிவிடுகிறது. செம்மண்ணும் சரளையும் உள்ள, பக்கத்தில் ஓர் ஆறு ஓடுகிற, கிராமங்களுக்கு ஊடே செல்கிற பாதை வேண்டும் என்று தேடத் தொடங்குகிறார்கள். என்னிடம் கேட்பவர்களின் பட்டியலில் பெரும்பாலும் நான்கு இடங்கள் இருக்கின்றன: உள்ளூரிலேயே ரயில் பாதைத் தடமும் புலாவ் உபின் தீவும், கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, திருச்சிக்கு விமானம் ஏறிப் போனால் காவிரிக் கரை, சற்றுத் தள்ளி தைவானின் கிழக்குப் பள்ளத்தாக்கு.

இந்த நான்கையும் அழகை வைத்து ஒப்பிட்டால் முடிவுக்கு வரவே இயலாது, நான்கும் அழகானவை. என் அனுபவத்தில் தவறிப்போன பயணங்கள் பெரும்பாலும் தவறான இடத்துக்குப் போனதால் தவறவில்லை, சரியான இடத்துக்குத் தவறான மாதத்தில் போனதால் தவறின. ஆகவே இந்தக் கட்டுரையில் இடத்துக்கு முன்னால் மாதத்தை வைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் உங்களுக்கு விடுப்பு கிடைக்கும் மாதம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நீண்ட விடுமுறை நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியத்தான் வருகிறது. அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை ஜொகூரிலும் இறங்குகிறது, காவிரிக் கழிமுகத்திலும் இறங்குகிறது. நமக்கு மிகவும் தோதான விடுமுறை இந்த இரண்டு ஆறுகளுக்கும் மிகவும் ஒவ்வாத பருவம் என்பதை விமானச் சீட்டு வாங்கிய பிறகு உணர்வதால் பயன் இல்லை.

இரண்டாவது, தரை ஈரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பது. 'சரளைப் பாதை' என்ற ஒரே பெயருக்குள் கருங்கல் ஜல்லி, செம்மண் சரளை, ஆற்று வண்டல், களிமண், மணல் எல்லாம் அடங்கிவிடுகின்றன. உலர்ந்திருக்கும்போது இவற்றுக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. ஒரு மணி நேர மழைக்குப் பிறகு கருங்கல் ஜல்லியில் ஓட்டலாம், செம்மண்ணில் தள்ளலாம், களிமண்ணில் தூக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, பாதியில் விலகி வரும் வழி. குழுவில் ஒருவருக்கு முழங்கால் வலித்தால், வண்டியின் செயின் அறுந்தால், வெயிலில் ஒருவர் சோர்ந்துவிட்டால், எத்தனை கிலோமீட்டருக்குள் ஒரு ரயில் நிலையமோ வாடகை வண்டியோ கிடைக்கும்? புதியவர்கள் பயணத்தின் மொத்தத் தூரத்தைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர் மிகக் குறைவு.

நான்காவது, சைக்கிளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவும் அலைச்சலும். ஐந்தாவது, கடவுச்சீட்டு, விசா, நுழைவு அனுமதி ஆகியவை; இவை ஆளுக்கு ஆள் மாறுவதால் தேவைப்படும் இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

## வீட்டுப் பக்கம்: ரயில் பாதைத் தடமும் புலாவ் உபினும்

சிங்கப்பூரில் கிராமப்புற ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று ஒன்று இப்போது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். கிராஞ்சி ஆறு 1975-இல் அணை கட்டப்பட்டு நீர்த்தேக்கமாகிவிட்டது. அதைச் சுற்றியுள்ள லிம் சூ காங், நியோ தியூ பக்கத்துச் சாலைகளில் பண்ணைகளும் பசுமையும் உண்டு என்றாலும் அவை தார்ச்சாலைகள், லாரிகளும் ஓடுகின்றன. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குள் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை.

ஆனாலும் பயிற்சிக்கு உள்ளூர் போதும். இந்த வழியாக மலாயா ரயில்வேயின் கடைசி ரயில் 2011 ஜூன் 30-இல் ஓடி முடிந்த பிறகு மக்களுக்குத் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் தடத்தில் புல்லும் பொடிச்சரளையும் கலந்த நீண்ட பகுதிகள் இருக்கின்றன. மழைக்கு மறுநாள் அதில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை அது எந்தக் கடைக்காரரைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லும். வேகப் பயிற்சிக்கு அது இடமல்ல. நடப்பவர்கள், குழந்தைகள், நாய்கள் எல்லாருக்கும் அது பொதுவானது. புலாவ் உபினில், பழைய கருங்கல் குழி ஒன்றைச் சுற்றி அமைந்த கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவின் பாதைகள் ஏற்ற இறக்கத்துக்கும் உருளும் கல்லுக்கும் பழக்கப்படுத்தும். சாங்கி படகுத்துறையிலிருந்து படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அதற்குத் தனியாகச் சிறு கட்டணம் உண்டு.

மறைந்த செலவு ஒன்றுதான். பெருவிரைவு ரயிலில் மடக்கு சைக்கிள்களை மட்டுமே கொண்டுபோக முடியும் என்பதால், தடத்தின் நடுவில் வண்டி கெட்டால் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது பெரிய வாடகை வண்டியை அழைக்க வேண்டும். வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகாதவர்களுக்கும், ஒரே மூச்சில் 60 கிலோமீட்டர் ஓட்டியிராதவர்களுக்கும் வேறு எந்தத் தெரிவையும் நான் பரிந்துரைப்பதில்லை.

## ஜொகூர் ஆறு: கோத்தா திங்கியும் செம்பனைத் தோட்டங்களும்

நம்மில் பலருக்குத் தெரியாமலே நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ஆறு இது. 1962-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் நீரை ஜொகூர் ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேற்பகுதியில் உள்ள லிங்கியூ நீர்த்தேக்கம் அதற்காகத்தான் கட்டப்பட்டது. ஆறு குனோங் கெமுரு மலையில் தொடங்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. அதன் நடுவில், ஜொகூர் பாருவுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கோத்தா திங்கி இருக்கிறது. 1699-இல் கொல்லப்பட்ட சுல்தான் மகமூதின் கல்லறை அங்கே இருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், 1587-இல் போர்ச்சுக்கீசியர் தகர்த்த ஜொகூர் லாமா கோட்டையின் எச்சங்களைப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் இணைப்பது இந்தப் பள்ளத்தாக்கின் சிறந்த இரண்டு நாள் திட்டம் என்பது என் கருத்து.

தரையைப் பற்றிச் சொல்லாமல் ஜொகூரைப் பற்றிப் பேச முடியாது. இங்கே நாம் ஓட்டுவது பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களின் உள்சாலைகளில். லாரிகள் பழக்குலை ஏற்றிச் செல்வதற்காகச் செம்மண்ணைக் கொட்டி உருளை ஓட்டி அமைத்த சாலைகள் அவை. ஒரு வாரம் மழை இல்லையென்றால் அவை அருமையான சரளைப் பாதைகள். மேலும் கீழுமாக அலையலையாகச் செல்லும் அந்தப் பாதைகளில் ஒரு காலை நேரத்தில் 50 கிலோமீட்டர் ஓட்டுவது கடினமல்ல. மழை பெய்துவிட்டாலோ அந்தச் செம்மண் டயரில் ஒட்டி, பின்பு பிரேம் கவையில் அடைத்து, கடைசியில் சக்கரம் சுழலவே மறுத்துவிடும். ஒரு டிசம்பரில், "கொஞ்சம் தூறல்தானே" என்று கிளம்பிய நாங்கள் நால்வர் ஆறு கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டோம். அதில் பாதித் தூரம் வண்டி எங்கள் தோளில் இருந்தது. ஓர் ஓடையின் மேலிருந்த சிறு பாலம் தண்ணீருக்கடியில் போயிருந்ததால் வந்த வழியே திரும்பவும் நேர்ந்தது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் அங்கே சைக்கிளோடு போகமாட்டார்கள். நாங்கள் போனோம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தாம் இங்கே நல்ல பருவம். ஆனால் 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் நோன்பு மாதமும் அதே காலத்தை ஒட்டி வருகிறது. கம்பத்து (மலாய்க் கிராமத்து) கடைகள் பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் தண்ணீரையும் உணவையும் முழுவதுமாகச் சுமந்து செல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் போகலாம். என்றாலும் சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரும் புயல்மழை, "சீக்கிரம் கிளம்பினால் மழையைத் தவிர்க்கலாம்" என்ற வழக்கமான கணக்கைக் குலைத்துவிடும்.

விலகும் வழிதான் இந்தத் தெரிவின் பலவீனம். ஆற்றோரமாக ரயில் இல்லை. தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் பெருஞ்சாலைக்கு வர 10, 15 கிலோமீட்டர்கூட ஆகலாம், கைப்பேசித் தொடர்பும் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். இணையத்தில் மற்றவர்கள் பதிந்துவைத்த வழித்தடங்களையும் முழுமையாக நம்ப வேண்டாம். செம்பனை மரங்களை ஏறத்தாழ 25 ஆண்டுக்கொரு முறை வெட்டி மறுநடவு செய்யும்போது உள்சாலைகளையே மாற்றிவிடுகிறார்கள்; வரைபடத்தில் சாலை இருக்கும் இடத்தில் ஒரு புதிய கால்வாய் இருக்கும். வெட்டிப் போட்ட மட்டைகளின் முள் டயரைத் துளைக்கும். கோத்தா திங்கி மாவட்டத்தில் காட்டு யானைகள் தோட்டங்களுக்குள் வருவதும் உண்டு. ஆகவே அந்திக்குப் பிறகு உள்சாலைகளில் இருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

தோட்டங்கள் தனியார் நிலம் என்பதையும் மறக்கக் கூடாது. வாசலில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) நின்று கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. தாத்தா, பாட்டி காலத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு இந்தத் தோட்டச் சாலைகளில் வேறொரு பயணமும் உடன் நடக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பல இடங்களில் இல்லாமல் போய்விட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, ஆனால் ஒரு திருப்பத்தில் திடீரென்று ஒரு முனீஸ்வரன் கோயில் தென்படும். அங்கே தமிழில் பேசினால் வழியும் கிடைக்கும், தண்ணீரும் கிடைக்கும்.

போகும் வழி இரண்டு. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை மோட்டார்சைக்கிள் தடத்தில் கடந்து ஜொகூர் பாரு வழியாகப் போவது ஒன்று. அங்கிருந்து கோத்தா திங்கி வரை கனரக வாகனங்கள் நிறைந்த சாலை என்பதால், அந்தப் பகுதியை வேனில் கடப்பதே நல்லது. 2025 ஜனவரி முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறே வார இறுதியாகிவிட்டதால் இரு பக்கத்து விடுமுறைக் கூட்டமும் ஒரே நாளில் எல்லையில் சந்திக்கிறது. வெள்ளி மாலையைத் தவிர்த்துச் சனி விடிவதற்கு முன் கடந்துவிடுங்கள். மற்றொன்று சாங்கி படகுத்துறையிலிருந்து பெங்கெராங்குக்குப் படகில் போவது. குறித்த நேரம் என்று இல்லாமல் ஆள் சேர்ந்ததும் கிளம்பும் படகு என்பதால் காத்திருக்க நேரலாம், மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். ஆனாலும் கிழக்குக் கரையோரமாக தெலுக் செங்காட், ஜொகூர் லாமா பக்கம் போக விரும்புபவர்களுக்கு இதுவே பொருத்தமான வழி. வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள் தங்கள் கடவுச்சீட்டுக்குரிய மலேசிய நுழைவு விதியைப் பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். குழுவில் ஒருவருக்குத் தாள் சரியில்லையென்றால் எல்லாரும்தான் சோதனைச்சாவடியில் நிற்பார்கள்.

## காவிரி: பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு

கண்டிப்பாகச் சொன்னால் இது பள்ளத்தாக்கே அல்ல, கழிமுகச் சமவெளி. காவிரியின் உண்மையான பள்ளத்தாக்கு ஒகேனக்கலுக்கும் மேட்டூருக்கும் இடையில் இருக்கிறது. அது காடும் யானையும் வனத்துறைக் கட்டுப்பாடும் உள்ள பகுதி, சைக்கிளோடு நினைத்த மாதிரி நுழைய முடியாது. எனவே நம் தெரிவு கல்லணைக்குக் கிழக்கே, காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலுக்குப் போகும் பகுதிதான். கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை 150 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். திருச்சிக்கும் கடலுக்கும் உயர வேறுபாடு 100 மீட்டர்கூட இல்லை.

எல்லாரும் கல்லணையில் தொடங்கிக் கடலை நோக்கிப் போகவே விரும்புகிறார்கள். ஆறு போகும் திசையில் போவது மனத்துக்கு இசைவாகத் தெரிகிறது. நான் அதற்கு எதிரான திசையைப் பரிந்துரைக்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. சரிவு அறவே இல்லாத சமவெளியில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது காலுக்குத் தெரியாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது மட்டும் தெரியும். பூம்புகாரில் தொடங்கி மேற்கே போனால் நான்கு நாளும் காற்று முதுகில் இருக்கும். ஆடி மாதத்தில் போவதாக இருந்தால் கணக்கு தலைகீழாகும். அம்மியைப் பறக்கவைக்கும் அந்த மேலைக்காற்று கல்லணையிலிருந்து கிழக்கே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும், ஆனால் வெயிலும் உடன் வரும்.

பருவத்தைத் தீர்மானிப்பது மழை மட்டுமல்ல, மேட்டூர் அணையும்தான். குறுவைக்காக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து அது மாறவும் செய்யும். அதாவது பெரும்பாலான ஆண்டுகளில் பிப்ரவரியில் ஆறு மணலாகத்தான் கிடக்கும். தண்ணீர் ஓடும் காவிரியையும் உலர்ந்த கரைப்பாதையையும் ஒருசேரப் பார்க்க விரும்பினால் உங்களுக்குக் கிடைப்பது பொங்கலுக்குப் பிந்தைய இரண்டே வாரங்கள். அந்த இரண்டு வாரங்களில் சம்பா அறுவடையும் நடக்கிறது. தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும், வயலிலிருந்து ஏறும் அறுவடை இயந்திரங்கள் கரைப்பாதையில் ஆழமான தடங்களை விட்டுச் செல்லும். நெல்லின் மேல் சைக்கிளை ஏற்றுவது தவறு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறேன்.

தரை ஒரே மாதிரி இராது. ஊர்களை இணைக்கும் சாலை பெரும்பாலும் தார். அதற்கு இணையாக ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் செல்லும் மண்பாதைதான் நாம் தேடுவது. சில இடங்களில் கப்பி போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் வெறும் வண்டல், படுகையில் வாழைத்தோட்டத்துக்குள் நுழைந்தால் மணல். கரைப்பாதை ஒரு மதகில் முட்டி நின்றுவிடுவதும் உண்டு. மொத்தத்தில் பாதித் தூரம் மண், பாதித் தூரம் தார் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் இராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வண்டல் முழுவதும் சேறு. அப்போது போகவே வேண்டாம்.

இங்கே டயரின் முதல் எதிரி கருவேல முள். ஒரே நாளில் ஐந்து பஞ்சர் ஆன அனுபவம் எனக்கு உண்டு, மூன்றாவது பஞ்சருக்குப் பிறகு ஒட்டுத்துண்டு தீர்ந்துவிட்டது. ட்யூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டு போவதே தீர்வு; அந்தத் திரவத்தைச் சிங்கப்பூரிலேயே டயருக்குள் ஊற்றிவிடுங்கள். கிராமத்து நாய்கள் இரண்டாவது எதிரி. சைக்கிளிலிருந்து இறங்கி நடந்தால் பெரும்பாலும் அவற்றுக்கு ஆர்வம் போய்விடுகிறது.

விலகும் வழியில் நான்கு தெரிவுகளிலும் இதற்கு இணையில்லை. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று ரயில்பாதை ஆற்றுக்குத் தெற்கே கூடவே வருகிறது. எந்த ஊர்க் கடைத்தெருவிலும் நின்று 'குட்டி யானை' கிடைக்குமா என்று கேட்டால் அந்தச் சிறு சரக்கு வண்டி வந்து சைக்கிள்களையும் ஆட்களையும் அடுத்த ஊருக்கு ஏற்றிச் செல்லும். (ஜொகூரில் யானை வந்தால் பயணம் கெடும், தஞ்சையில் யானை வந்தால்தான் பயணம் பிழைக்கும்.) மொழி தெரிந்த ஊர் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், பஞ்சர் கடையையும் மருத்துவரையும் இரவுத் தங்கலையும் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்கள் மின்விசா எடுக்க வேண்டும், வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை. திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் சைக்கிள் பெட்டிக்கு விமான நிறுவனம் வாங்கும் கட்டணம் சில நேரங்களில் பயணச்சீட்டில் பாதியை எட்டிவிடுகிறது. பெட்டிக்குள் வண்டி பத்திரமாக வரும் என்பதற்கும் உறுதி இல்லை. ஒருமுறை என் சைக்கிளின் பின் கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு பெட்டிக்குள்ளேயே வளைந்து வந்தது. அந்த விமான நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் எழுதியும் பயனில்லை. அந்தத் துண்டு ஒவ்வொரு பிரேமுக்கும் வேறுபடும், வெளியூரில் தேடினாலும் கிடைக்காது; உதிரியாக ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாரத்தில் சீட்டு விலை ஏறும், பெரும்பாலும் ஜனவரியில் வரும் தியாகராஜ ஆராதனையின்போது திருவையாற்றிலும் தஞ்சாவூரிலும் அறை கிடைப்பது அரிது.

## தைவானின் கிழக்குப் பள்ளத்தாக்கு

ஹுவாலியனுக்கும் தைதுங்குக்கும் இடையில், நடு மலைத்தொடரும் கரையோர மலைத்தொடரும் இருபுறமும் நிற்க, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளும் பள்ளத்தாக்கு இது. நான்கில் உண்மையான, கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்தாக்கு இதுவே. யூலிக்கும் ஃபூலிக்கும் இடையில் பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். சியூகுலுவான் ஆற்றின் மேல் அது செல்லும் பாலம், இரண்டு புவித்தட்டுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கிறது. சிஷாங் பக்கத்து நெல்வயல்களைப் பார்க்கும்போது தஞ்சாவூருக்குப் பின்னால் யாரோ மலையை நிறுத்திவைத்ததைப் போலிருக்கும்.

ஆனால் இது பெரும்பாலும் தார். சரளைக்காக மட்டும் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மற்ற எல்லாவற்றிலும் இது சுலபமான தெரிவு: சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுத்து வேறோர் ஊரில் திருப்பிக் கொடுக்கலாம், பள்ளத்தாக்கு நெடுக ரயில் உண்டு, குறிப்பிட்ட ரயில்களில் சைக்கிளையும் ஏற்றலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் குறுகிய காலத்துக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம். 2024 ஏப்ரலில் ஹுவாலியனை உலுக்கியது போன்ற நிலநடுக்கமும் அங்கே அவ்வப்போது வருவதுதான். டிசம்பரில் குளிர்ச்சியாக இருக்கும், மழைச்சட்டை ஒன்று போதும். மறைந்த செலவு என்றால் விமானத்துக்குப் பிறகு தாய்ப்பேயிலிருந்து செய்ய வேண்டிய நீண்ட ரயில் பயணம், அதனால் போகவும் வரவும் ஒவ்வொரு நாள் கரைந்துபோவது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீட்டுப் பக்கம் | ஜொகூர் ஆறு | காவிரி | தைவான் |
|---|---|---|---|---|
| நல்ல காலம் | எப்போதும், இடி மின்னல் இல்லாத காலை | பிப்ரவரி, மார்ச் | ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய | நவம்பர் முதல் மார்ச் வரை |
| தவிர்க்க வேண்டியது | மழை பெய்த உடனே | நவம்பர் இறுதி முதல் ஜனவரி வரை | அக்டோபர் முதல் டிசம்பர், ஏப்ரல், மே | ஜூலை முதல் செப்டம்பர் வரை |
| தேவையான நாட்கள் | அரை நாள் | 2 | 6 அல்லது 7, விமானப் பயணம் உட்பட | 6 அல்லது 7 |
| தரை | புல், பொடிச்சரளை, கருங்கல் | செம்மண் சரளை | வண்டல், கப்பி, மணல், பாதி தார் | பெரும்பாலும் தார் |
| பாதியில் விலக | நடை, பெரிய வாடகை வண்டி | கடினம் | மிக எளிது | எளிது |
| கையைக் கடிக்கும் செலவு | வண்டி கெட்டால் மட்டும் பெரிய வாடகை வண்டி | வேன் வாடகை, எல்லையில் போகும் நேரம் | சைக்கிள் பெட்டி, விசா, பொங்கல் கால விலை | விமானம், அதன்பின் ரயில், வாடகைச் சைக்கிள் |

## யாருக்கு எது

பள்ளி விடுமுறையை விட்டால் வேறு நாளே இல்லை, டிசம்பர்தான் என்பவர்களுக்கு இரண்டே வழி: தைவான், அல்லது உள்ளூர். சரளை குறைவாக இருந்தாலும் டிசம்பரில் தைவான், சேறு நிறைந்த ஜொகூரைக் காட்டிலும் மேல். மார்ச் மாதத்து ஒரு வார விடுமுறையில் போகிறவர்களுக்கு ஜொகூர் பொருந்தும், நோன்பு மாதம் குறுக்கிடாத ஆண்டாக இருந்தால் இன்னும் நன்று. ஜூன் விடுமுறைக்கு நான் எதையும் மனமாரப் பரிந்துரைக்கவில்லை. அப்போது போவதென்றால் ஜொகூரில் ஒரு நாள் பயணம் மட்டும்.

வண்டி ஓட்டுவதில் தேர்ந்தவர்கள், சரளையே வேண்டும், வழி தப்பினாலும் பரவாயில்லை என்பவர்கள், நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து ஜொகூருக்குப் போகலாம். ஒற்றை ஆளாகத் தோட்டத்துக்குள் நுழைவதை நான் ஏற்பதில்லை. எந்த வெளிநாட்டுப் பயணமானாலும், உங்கள் பயணக் காப்புறுதி சைக்கிள் விபத்துக்குப் பொருந்துமா என்பதை விதிமுறைத் தாளில் படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி கணவன் மனைவி இருவரில் ஒருவர் நன்றாக ஓட்டுபவர், மற்றவர் புதியவர் என்பது. அவர்களுக்குக் காவிரிதான், அதுவும் சீனப் புத்தாண்டு விடுமுறையோடு மூன்று நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு. ஒருவர் கரைப்பாதையில் வரலாம், மற்றவர் அதே தூரத்தைத் தார்ச்சாலையில் வரலாம், அடுத்த ஊரில் இருவரும் காபிக்கு நேரத்தில் சந்தித்துவிடலாம். இந்த வசதி வேறு எந்தத் தெரிவிலும் இவ்வளவு எளிதாக அமையாது. திருச்சியில் இறங்கிய அன்றே குட்டி யானையில் பூம்புகாருக்குப் போய்விடுங்கள், அதற்கு அரை நாள் பிடிக்கும். மறுநாள் காலை பெட்டியைப் பிரித்து வண்டியைப் பூட்டி, பிரேக்கையும் கியரையும் கடற்கரைச் சாலையில் ஓட்டிச் சரிபார்த்த பிறகு, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மயிலாடுதுறையோடு முதல் நாளை நிறுத்திக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று இறுகாமல் விட்டுப் போயிருந்தால் அது தெரியவருவது அந்த முதல் 24 கிலோமீட்டரில்தான், மயிலாடுதுறையில் சைக்கிள் கடையும் உண்டு, ரயிலும் உண்டு.